ஆடிச் சாரலில் அடைத்த அறை

சென்ற மாதம் தென்காசியில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த கிராம சுகாதார செவிலியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்ற யாராவது வந்து கொஞ்ச நேரம் பேசினால் நன்றாயிருக்கும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். இப்போது பிரசவமானவளைப் பார்க்க வீட்டுக்குப் போனால் அங்கேயே போட்டோ எடுத்து ஏற்றிவிட வேண்டுமாம். நல்லதுதான், போகாமலே போனதாகச் சொல்ல முடியாது.

கடைசியில் ஒரு பெண் எழுந்து, “ஒரு வீட்டுக்குள்ள போக எப்பவாவது பயந்திருக்கீங்களாக்கா?” என்று கேட்டாள். மற்றவர்கள் நாயை நினைத்துச் சிரித்தார்கள். நானும் ஒரு நாய்க் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் கேட்டது நாயைப் பற்றி இல்லை என்பது எனக்குத் தெரியும். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அந்த வீட்டுக்காரர்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் ஊர் ஆய்க்குடிப் பக்கம். நெல் விவசாயக் குடும்பம். என் அக்கா எட்டாவதோடு நின்றாள். நான் பிளஸ் டூ வரை போனதற்குக் காரணம் என் மூளை இல்லை. எங்கள் ஊருக்கு பஸ் வந்தது, அவ்வளவுதான். அக்கா காலத்தில் பஸ் இல்லை, அதனால் அவளுக்கு மேல்படிப்பும் இல்லை. சின்ன வயதிலேயே கல்யாணம், அடுத்தடுத்துப் பிள்ளைகள். நான் செவிலியர் பயிற்சி முடித்து வந்து முதன்முதலில் இழுத்துப் பார்த்த கண் இமை அவளுடையதுதான். உள்பக்கம் ரத்தமே இல்லாமல் வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. “எல்லாருக்கும் இப்படித்தாண்டி இருக்கும்” என்றாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததில் பாதி எனக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது.

எனக்கு மேலே இருந்தவர் கோமதி அக்கா. பகுதி சுகாதார செவிலியர். எங்களைப் போன்ற சில பேருக்கு அவர்தான் மேற்பார்வை. ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை, சத்தம் வராத குரல். திட்ட வேண்டுமானால் இன்னும் தணித்துப் பேசுவார். நாம் குனிந்து காதைக் கொடுத்துத் திட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டு வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தே பாதி வேலையைக் கற்றுக்கொண்டேன். செருப்பைக் கழற்றுமுன் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். மூக்கால் வீட்டைப் பார்ப்பார். ஈரத் துணி வாடையா, கஷாய வாடையா, பால் புளித்த வாடையா என்று. உள்ளே போனதும் வீட்டுப் பெரியவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார். அவருக்குத் தாகம் இருக்காது. பெரியவள் அடுப்படிக்குப் போய்த் திரும்பும் அந்த இடைவெளியில்தான் பிள்ளை பெற்றவள் வாயைத் திறப்பாள்.

பிரசவமானவளைப் பார்க்கும் முறை அவரிடம் ஒருநாளும் மாறாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவார். முதலில் கண் இமை, பிறகு உள்ளங்கை. மணிக்கட்டைப் பிடித்து முழு நிமிஷமும் நாடி எண்ணுவார். அரை நிமிஷம் எண்ணி இரட்டிப்பது அவருக்குப் பிடிக்காது. அடிவயிற்றில் கையை வைத்துக் கருப்பை சுருங்கி இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். துணியைக் காட்டச் சொல்லி உதிரத்தின் நிறத்தையும் வாடையையும் பார்ப்பார். பால் கட்டியிருக்கிறதா, பிள்ளை எப்படி வாய் வைக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பார். பிள்ளையைத் துணித் தூளியில் போட்டுத் தராசுக் கொக்கியில் மாட்டும்போது, இன்னொரு கை கீழே விரிந்தபடி காத்திருக்கும். “நல்லா இருக்கியா” என்று மட்டும் கேட்கமாட்டார்.

“அப்படிக் கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. நேத்து என்ன சாப்பிட்டேன்னு கேளு. ஒண்ணுக்குப் போனியான்னு கேளு” என்பார்.

இன்னொன்றும் சொல்லுவார். “நாடி எண்ணும்போது எண்ணிக்கை தப்பிச்சுன்னா மறுபடி எண்ணு. ரெண்டாந் தடவையும் தப்பிச்சுன்னா எந்திச்சு வெளிய போயிரு. கோளாறு அவ நாடியில இல்ல, உன்கிட்ட இருக்கு.”

குத்துக்கல்வலசையைத் தாண்டி வயலை ஒட்டி ஒரு தெரு அப்போது என் பொறுப்பில் இருந்தது. இன்று அங்கே வயல் இல்லை, மனைகளும் மாடி வீடுகளும்தான். அந்தத் தெருவின் கடைசியில் பார்வதியம்மாவின் வீடு. நிலபுலனும் கோயில் காரியங்களில் பங்கும் உள்ள பழைய குடும்பம். ஓட்டுக்கூரை, நீளமான வீடு. நான் மாற்றலாகி வந்த புதிதில், பால் ஊற்றுகிற பெண் என்னைத் தெருமுனையிலேயே நிறுத்திவைத்துச் சொன்னாள்.

“நர்சம்மா, அங்கன சாரல் காலத்துல மட்டும் போகாதீய. வெயில் காலத்துல அந்த வீட்டுல எத்தன பிள்ளை பெத்திருக்காவ, ஒண்ணும் ஆகல. ஆடிச் சாரல்ல பெத்தாத்தான் அது வருது.”

“எது?”

“ஐந்தருவியில அடிச்சிட்டுப் போனாளே ஒரு பிள்ளைத்தாச்சி, அவ. சாரலோட எறங்கி வருதா. பெத்தவ தலமாட்டுல வந்து உக்காந்துக்கிடுவாளாம். பேரைச் சொல்லிக் கூப்பிடுவாளாம்.”

இப்படிக் கதை இல்லாத தெரு எதுவும் என் பொறுப்பில் இருந்ததில்லை. ஆனால் இந்தக் கதைக்குள் ஒரு சாவு இருந்தது. பார்வதியம்மாவின் மூத்த மகள் காந்திமதி தாய்வீட்டுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வந்தவள். பிள்ளை பிறந்த சில நாளில் அந்த வீட்டு உள்ளறையில் செத்துப்போனாள். பக்கத்தில் கிடந்த பிள்ளையும் போயிற்று. காய்ச்சல் இல்லை, உதிரப்போக்கு இல்லை, ஜன்னி இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். செத்த முகம் வெளுக்கவில்லை. கன்னம் இரண்டும் ரோஜாப்பூ நிறத்தில் சிவந்து, குளித்துப் பவுடர் போட்டுப் படுத்த மாதிரி, லேசாகச் சிரித்தபடி கிடந்தாள். அருவிக்காரி அலங்கரித்துக் கூட்டிப் போய்விட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

நான் அங்கே முதலில் போனது இளையவள் உமாவுக்காக. அவள் செங்கோட்டையில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கணவன் சேகரும் அதே ஊர்க்காரன், அவனும் ஆசிரியன். உமா மாதிரி ஒரு கர்ப்பிணியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாள் தள்ளிய உடனே பதிவுக்கு வந்தாள். ரத்த அழுத்தம் பார்த்தால் எவ்வளவு என்று கேட்பாள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லுமுன் அவளே சொன்னாள். என் அக்காவின் இமையை நினைத்துக்கொண்டே இவள் இமையை இழுத்துப் பார்ப்பேன். நல்ல சிவப்பாக இருக்கும்.

தாய்வீட்டில் அவளைப் பார்க்கப் போன ஒரு நாளில், பார்வதியம்மா எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். உள்ளறைக் கதவு பூட்டியிருந்தது. அதன் முன்னால் ஒரு சிறு விளக்கு எரிந்தது.

“உமாவ இவ்வளவு படிக்க வச்சிருக்கீயளே, பெரிய விஷயம்தான்” என்றேன்.

“நான் அறிவாளி ஆகட்டும்னு படிக்க வைக்கல” என்றார். “மூத்தவ போன பொறவு எனக்கு ஒரே நெனப்பு. இவளக் கட்டிக் குடுத்தா இவளும் பிள்ளைப்பேறுக்கு இங்கன வருவா. படிக்கிற வரைக்கும் ஒருத்தனும் பொண்ணு கேட்டு வரமாட்டான்லா? காலேஜ் முடிச்சா, மேல படின்னேன். அதையும் முடிச்சா, வாத்தியார் படிப்பு படின்னேன். அவ அப்பா ஏசினாவ, சொந்தக்காரன் பூரா ஏசினான். படிக்க இனி ஒண்ணுமில்லன்னு ஆனப்போ அவளே ஒருத்தனச் சொல்லிட்டா.”

பிறகு, நான் கேட்காமலே காந்திமதியைப் பற்றிச் சொன்னார்.

“தப்பு எங்கிட்டதான் நர்சம்மா. பச்ச ஒடம்புக்குச் சாரல் காத்து ஆகாதுன்னு சன்னலு கதவு எல்லாம் அடச்சுத்தான் வச்சிருந்தேன். அவ, தல வலிக்கு, மூச்சு முட்டுது, சன்னலத் தொறம்மான்னு அழுதா. மனசு கேக்காமக் கொஞ்சநேரம் தொறந்தேன். காத்து பட்டதும் எந்திச்சு உக்காந்து சிரிச்சா. இப்ப நல்லா இருக்கும்மான்னா. அந்த நேரந்தான் அது உள்ள வந்திருக்கு. மறுநா போயிட்டா. அன்னைக்கு மட்டும் நான் மனச எளக விடாம இருந்திருந்தா இன்னைக்கு அவ இருப்பா.”

கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறுதலாக என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பின்கட்டிலிருந்து வந்த உமா கதவோரத்தில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இதை அவள் முதல் தடவையாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது.

வாசல் வரை என்னோடு வந்தாள். “அக்கா, ஆஸ்பத்திரியிலேருந்து வந்தா என்னை முன்னறையிலதான் படுக்கப் போடணும்னு நீங்க அம்மாட்ட சொல்லுங்க. அந்த அறை மட்டும் வேண்டாம்.”

“பயமாம்மா?”

“ஆமாக்கா. பயம்னே வச்சுக்கிடுங்க.”

அங்கே நின்றிருந்த சேகர் சிரித்தான். நல்ல பையன், மலையாளம் கலந்த செங்கோட்டைப் பேச்சில் என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவான். “கெமிஸ்ட்ரி டீச்சர் பேய்க்குப் பயப்படுதா, பாருங்க சேச்சி. இதப் பிள்ளைகள் கேட்டா என்னாகும்?” உமா சிரிக்கவில்லை.

பார்வதியம்மாவிடம் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். முன்னறையில் கட்டில் போட்டு, புதுப்பாய் விரித்தும் காட்டினார்.

ஆடி மாதத்தில் உமாவுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று தகவல் வந்ததும் பார்க்கக் கிளம்பினேன். மேற்பார்வைக்கு வந்திருந்த கோமதி அக்காவும் என்னோடு நடந்தார். அந்த வருஷம் சாரல் விடாமல் பெய்தது. மலையே தெரியவில்லை. செங்கோட்டைக் கணவாயிலிருந்து வந்த காற்று குடையைப் பின்பக்கமாகப் புரட்டியது. பகல்தான் என்றாலும் தெருவில் ஒரு மங்கல் வெளிச்சம். எல்லா வீட்டுக் கதவுகளும் சாத்தியிருந்தன.

முன்னறைக் கட்டிலில் யாரும் இல்லை. ஓட்டின் இடைவெளி வழியாகச் சாரல் அடித்துப் பாய் நனைந்து கிடந்தது. உள்ளறை வாசலில் பார்வதியம்மா முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் வேப்பிலைக் கொத்து.

“பிள்ளை தும்மிச்சு. முன்னறையில ஈரம். அதான் நேத்து சாயங்காலம் உள்ள மாத்திட்டேன். இவளுக்கு உடம்பு அசதி, தூங்கிட்டே வந்தா. மாப்பிள்ளயும் வேலைக்குப் போயிட்டாவ” என்றார். “நர்சம்மா, வெரசா உள்ள போயிட்டுக் கதவச் சாத்திருங்க. இந்தத் தடவ அவ எவ்வளவு கெஞ்சினாலும் நான் தொறக்க மாட்டேன்.”

“கெஞ்சினாளா?”

“காலையில கெஞ்சினா. இப்போ இல்ல. இப்போ நல்லாத் தூங்குதா.”

கோமதி அக்கா வழக்கம்போல் அவரிடம் தண்ணீர் கேட்டார். பார்வதியம்மா அசையவில்லை. கதவை ஓராள் நுழையும் அளவுக்குத் திறந்து என்னை மட்டும் உள்ளே விட்டுச் சாத்திக்கொண்டார்.

உள்ளே இதமான சூடு. வெளியே நடுங்கிக்கொண்டு வந்த எனக்கு அது சுகமாகவே இருந்தது. சாம்பிராணி மணம். சன்னல் பலகைகளின் இடுக்கெல்லாம் கிழித்த சேலைத் துணி வைத்து அடைத்திருந்தது. ஒரு சிம்னி விளக்கு. கட்டிலுக்கு அடியில் மண்சட்டி நிறையத் தேங்காய்ச் சிரட்டைக் கங்கு, புகையே இல்லாமல் செக்கச்செவேலென்று கிடந்தது.

உமா தூங்கவில்லை. கண்ணைத் திறந்து மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

“உமா, நேத்து என்ன சாப்பிட்ட?”

“மெதுவாப் பேசுங்க” என்றாள். “அக்கா உக்காந்திருக்கா.”

மூலையில் ஒரு சுருட்டிய பாய் சாய்த்து வைத்திருந்தது. அவ்வளவுதான். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. இமையை இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். முப்பதுக்கு மேல் எண்ணியதும் அடுத்த எண் என்ன என்று தெரியவில்லை. எத்தனையோ வருஷமாக எண்ணுகிறவள் நான். நாற்பதா, முப்பதா, அதற்கு முன் என்ன சொன்னேன் என்று யோசித்தேன். நெற்றியில் ஒரு கட்டையை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. குழந்தையைப் பார்த்தேன். வாயோரம் பால் வழிந்து காய்ந்திருந்தது. தொட்டால் முகத்தைத் திருப்ப வேண்டிய பிள்ளை, திருப்பவில்லை. அதைப் பார்த்துவிட்டு நான் பதறியிருக்க வேண்டும். பதற்றம் வரவில்லை. பாவம், அசந்து தூங்குகிறது என்று தோன்றியது. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

மறுபடி எண்ணினேன். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“சம்பா.”

என் பெயர் செண்பகவல்லி. வேலையில் எல்லாருக்கும் செண்பகம். சம்பா என்று கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒருத்தி, என் அம்மா. சம்பா அறுவடையில் பிறந்தேன் என்று அப்படிக் கூப்பிடுவாள். அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம். குரல் காதுக்கு இரண்டு சாண் தூரத்தில் இருந்தது. கோபமே இல்லை. “சம்பா, செத்த இங்கன படுத்துக்கோட்டி” என்றது.

திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. உமா என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். தனக்கும் கேட்டது என்பது போல. எண்ணிக்கை இரண்டாந் தடவையும் தப்பியிருந்தது.

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். கதவைத் தள்ளினேன், நகரவில்லை. அந்தப் பக்கம் பார்வதியம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தட்டினேன். “கதவத் தொறங்க” என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

“அது உங்களயும் புடிச்சிட்டு” என்று அவர் வெளியிலிருந்து சொன்னது கேட்டது. அழுதுகொண்டே சொன்னார். “தொறக்க மாட்டேன் தாயே. போயிரு. எம்பிள்ளைய விட்டுட்டுப் போயிரு.”

காந்திமதியும் இதே கதவைத் தட்டித்தானே கேட்டிருப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குமேல் நினைக்க முடியாமல் கதவில் சரிந்து உட்கார்ந்தேன்.

வெளியே கோமதி அக்காவின் குரல் கேட்டது. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். “எந்திரிங்க. உள்ள இருக்கது எங்க ஆளு.” ஏதோ உருண்டது. கதவு திறந்தது. என் கையிலிருந்த குழந்தையை வாங்கி முற்றத்துக் காற்றில், சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தார். உள்ளே நுழைந்தவர் கட்டிலைப் பார்த்தார், அடியில் பார்த்தார். முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு, ஈரத்துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கி வந்து முற்றத்துச் சாரலில் கவிழ்த்தார். கங்கு சீறியது. பிறகு துணிகளைப் பிடுங்கிச் சன்னல்களைத் திறந்தார். பார்வதியம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தார், காலைப் பிடித்தார். “அன்னைக்கும் தொறந்ததாலதான் போனா. கேளுங்கம்மா. தொறந்ததாலதான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா உமாவின் தோள்களுக்கடியில் கை கொடுத்து என்னையும் கூப்பிட்டார். இருவருமாக அவளை முன்னறைக்கு இழுத்து வந்தோம்.

ஆம்புலன்ஸில் உமா வாந்தி எடுத்தாள். வழியிலிருந்த பாலம் வரை குழந்தையிடம் சத்தமே இல்லை. பாலம் தாண்டியதும் ஒருமுறை சிணுங்கி, பிறகு வீறிட்டு அழுதது. கோமதி அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். எனக்கும் கொஞ்ச நேரம் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் உமா தெளிவாகப் பேசினாள். சேகர் செங்கோட்டையிலிருந்து ஓடி வந்திருந்தான். கட்டிலைச் சுற்றி நாங்கள் நின்றபோது இளவயது டாக்டர் ஒருவர், பார்வதியம்மாவுக்குப் புரியட்டும் என்று நிதானமாகச் சொன்னார். கரிக் கங்கிலிருந்து ஒரு வாயு வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. அடைத்த அறையில் சேர்ந்தால், ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். தலை வலிக்கும், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியும், குரல் கேட்கும். பிறகு தூக்கம்.

பார்வதியம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“செத்துப்போனா, மூஞ்சி செவந்து இருக்குமா டாக்டர்?”

உமா சட்டென்று கையை நீட்டி அம்மாவின் சேலையைப் பிடித்தாள். டாக்டருக்குக் காந்திமதியைப் பற்றி எதுவும் தெரியாது. “ஆமாம்மா, சிலருக்கு நல்ல ரோஸ் நிறமா இருக்கும்” என்றார். “காத்தோட்டம் கெடச்சா உடனே தெளிஞ்சிருவாங்க. சன்னல் ஒண்ணு தொறந்திருந்தாக்கூடப் போதும்.”

பார்வதியம்மா அழவில்லை. உமாவின் விரல்களை ஒவ்வொன்றாகச் சேலையிலிருந்து எடுத்துவிட்டார். வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். நான் பின்னால் போகப் பார்த்தேன். கோமதி அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, சேகரும் பக்கத்தில் இருந்தபோது, உமா என்னிடம் சொன்னாள். கல்லூரியில் ஒரு வகுப்பில் அந்த வாயுவைப் பற்றிப் பாடம் நடந்தபோது, இறந்தவர் முகம் எப்படி இருக்கும் என்று ஆசிரியை சொன்னாராம். செத்துக் கிடந்த தன் அக்காவின் முகம் கண்ணெதிரே வந்து நின்றதாம். எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்குத் தெரியும்.

“ஏன் யாருட்டயும் சொல்லல?” என்றான் சேகர்.

“அம்மாட்ட என்னன்னு சொல்ல? உன் மகள நீதான்னு சொல்லவா? அந்த அறையில படுக்காம இருந்தாப் போதும்னு நெனச்சேன். உங்ககிட்டயும் அந்த அறை வேண்டாம்னுதான் சொன்னேன். நீங்க பேயின்னு சிரிச்சீங்க. நானும் அப்படியே விட்டுட்டேன். சொல்லுததுக்கு அது லேசா இருந்துச்சு.”

சேகரும் கல்லூரியில் அதே பாடத்தைப் படித்தவன்தான்.

எனக்குக் கேட்ட குரலைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். அந்த வாயு வெளியிலிருந்து எதையும் கொண்டுவராது, உங்கள் தலைக்குள் இருப்பதைத்தான் எடுத்துக் கொடுக்கும் என்றார். இருக்கலாம். ஆனால் என் அம்மாவின் குரல் எனக்கு மறந்து பல வருஷம் ஆகியிருந்தது. எப்படி இருக்கும் என்று எத்தனையோ நாள் யோசித்து முடியாமல் விட்டிருக்கிறேன். அன்று கேட்ட பிறகு இன்றுவரை மறக்கவில்லை.

அந்த அறையின் சன்னல் பலகைகளைப் பார்வதியம்மா தச்சனை வைத்துக் கழற்றிவிட்டார். சாரல் உள்ளே அடித்துத் தரை பாசி பிடித்தது. அப்படியே விட்டார். காந்திமதியைப் பற்றித் தாயும் மகளும் பிறகு ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை என்று உமா சொன்னாள். விடுப்பு முடிந்ததும், கைப்பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகத்தான் வேண்டுமா என்று சேகர் வீட்டில் முணுமுணுப்பு வந்தது. பார்வதியம்மா பையை எடுத்துக்கொண்டு செங்கோட்டைக்கே போய்விட்டார். “நான் பாத்துக்கிடுதேன். நீ பள்ளிக்கூடம் போ” என்றாராம். பாடத்தில் அந்த இடம் வரும்போது, சட்டியும் கரியும் அடைத்த சன்னலும் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டுவதை உமா வழக்கமாக்கிக்கொண்டாள்.

ஆனால் ஆடி பிறந்தால் பார்வதியம்மா குத்துக்கல்வலசைக்கு வந்துவிடுவார். எந்தத் தெருவில் யாருக்குப் பிரசவமாகியிருக்கிறது என்று எனக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரிந்திருக்கும். கூப்பிடாமல், சொல்லாமல், தெரியாதவர்கள் வீட்டுக்குள்ளும் நேரே நடப்பார். உள்ளே கணப்புச் சட்டி இருந்தால் தூக்கி வந்து சாரலில் கவிழ்ப்பார். சன்னலைத் திறப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கங்கு முழுக்க அவியும்வரை முற்றத்தில் நின்றுவிட்டுப் போவார். சனங்கள் பயந்தார்கள். மகள் போனதில் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். சில வீடுகளில் அவரைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு வெளியே, திறக்கும்வரை நனைந்துகொண்டு நின்றார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆடியில் அப்படி ஒரு வீட்டில் அவரைப் பார்த்தேன். பெற்றவளின் மாமியார் ஏசிக்கொண்டிருந்தாள். பார்வதியம்மா காதில் வாங்காமல், கவிழ்த்த கரியைக் காலால் கலைத்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் என் வேலையை முடித்துவிட்டு அவரோடு தெருவில் இறங்கினேன்.

“அம்மா, ஏன் இப்படிப் பேசாமச் செய்யுதீய? கரி வாயு உயிர எடுத்துரும்னு ஒரு வார்த்த சொன்னீயன்னா அவுகளே எடுத்து வெளிய வச்சிருவாகல்லா.”

அவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

“சொல்லலாம் நர்சம்மா” என்றார். “உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாவ.”